இலக்கமும் இடாப்பும்

(திருகோணமலையில் ஆற்றப்பட்ட சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சட்டவிரோதத் துவக்கு என்று ஒன்றை எந்தத் தொழிற்சாலையும் செய்து வெளியே விடுவதில்லை. பாதாளக் குழுக்காரர் ஒருவரிடம் பிடிபடும் ரி-56 துப்பாக்கி, தொழிற்சாலையை விட்டுப் புறப்பட்ட நாளில் ஒரு வரிசை இலக்கத்தோடும் ஒரு விநியோகச் சீட்டோடும்தான் புறப்பட்டது. குச்சவெளிக் கடலில் படகுக்குள் அகப்படும் வோட்டர் ஜெல் வெடிமருந்துக் குச்சியும் ஒரு காலத்தில் யாரோ ஓர் அனுமதிப்பத்திரக்காரரின் களஞ்சியத்தில் எண்ணி அடுக்கப்பட்டிருந்தது. உள்ளூர்ப் பட்டறையில் செய்யும் இடியனையும், காட்டுப்பாதையில் பன்றிக்குக் கட்டும் கட்டுத்துவக்கையும், கல்கட்டாஸ் கைத்துவக்கையும் தள்ளி வைத்தால், மற்றவை எல்லாம் சட்டத்தின் கையில் இருந்து எங்கோ ஓரிடத்தில் நழுவியவை.

அந்த இடம் பெரும்பாலும் கைமாறும் இடம். கடைக்காரர் வாங்குபவரிடம் கொடுக்கும்போது, களஞ்சியப் பொறுப்பாளர் வெடி வைப்பவரிடம் கொடுக்கும்போது, தகப்பன் இறந்து மகன் எடுக்கும்போது, ஒரு கப்பலில் இருந்து இன்னொரு கப்பலுக்கு ஏற்றும்போது. அங்கெல்லாம் ஒரு புத்தகம் திறந்திருக்கவேண்டும், ஒருவர் அதில் எழுதவேண்டும், இன்னொருவர் அதைச் சரிபார்க்கவேண்டும். அந்தப் புத்தகத்தை, அதாவது இடாப்பைப் பற்றியதுதான் இன்றைய பேச்சு.

இலங்கையில் இதற்கு அடிப்படை, 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச்சட்டம். 1915 சிங்கள-முஸ்லிம் கலவரத்துக்கு அடுத்த ஆண்டு, முதலாம் உலகப்போர் நடந்துகொண்டிருக்கும்போது, குடியேற்ற அரசு கொண்டுவந்த சட்டம். நூறு ஆண்டு கடந்தும் அதுவே நடைமுறையில் இருக்கிறது. 1996இல் வந்த திருத்தம், தானியங்கித் துப்பாக்கி தொடர்பான குற்றங்களுக்கான தண்டனையை ஆயுள் சிறை வரை உயர்த்தியது. துவக்கு வைத்திருக்க ஓர் அனுமதிப்பத்திரம் வேண்டும். செய்ய, திருத்த, விற்க அதற்கென வேறு அனுமதிப்பத்திரம் வேண்டும். கல்லுடைக்கும் வெடிபொருளுக்கு 1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெடிபொருட்கள் சட்டம் இருக்கிறது. இரண்டு சட்டத்தின் அடியிலும் கிடப்பது ஒரே எண்ணம்: இந்தப் பொருள் இன்று யாரிடம் இருக்கிறது என்பதை எந்த நாளிலும் தாளைப் பார்த்துச் சொல்ல முடியவேண்டும்.

திருகோணமலை மாவட்டத்தில் 11 பிரதேச செயலகப் பிரிவுகள். துறைமுகத்தை ஒட்டிய பட்டினமும் சூழலும் ஒரு பக்கம். மொரவெவ, கோமரங்கடவல, கந்தளாய், சேருவில, வெருகல் என்று காடும் வயலும் முட்டிக்கொள்ளும் பிரிவுகள் மறுபக்கம். அங்கே யானையும் பன்றியும் ஒரே இரவில் ஒரு போக விளைச்சலை அழித்துவிட்டுப் போகும். பயிர்ப் பாதுகாப்புக்கு வைத்திருக்கும் துவக்குக்கு அனுமதி தருவது மாவட்டச் செயலாளர். தற்காப்புக்கான துவக்கு பாதுகாப்பு அமைச்சின் பொறுப்பு. அனுமதிப்பத்திரத்தின் ஆயுள் ஓராண்டு. 2025ஆம் ஆண்டுக்கான புதுப்பிப்பை 2024 ஒக்டோபர் 1 முதல் டிசம்பர் 31 வரை செய்யலாம் என்று அமைச்சு அறிவித்தது.

ஆண்டுதோறும் கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, அலைவது விவசாயிக்குச் சலிப்புத்தான். அரை நாள் வேலை போகும், பஸ் காசு போகும். ஆனால் அந்த ஒரு வேலையை இலேசாக எண்ணக்கூடாது. துவக்கு, கடதாசி, ஆள் மூன்றும் ஒரே கணக்கில் ஆண்டுக்கு ஒருமுறையாவது சந்திப்பது அப்போதுதான். ஒருவர் இரண்டு ஆண்டு வராவிட்டால் கிராம அலுவலரிடம் கேட்கவேண்டும்: ஆள் ஊரில் இருக்கிறாரா, துவக்கு எங்கே? பெரும்பாலும் பதில் இலகுவானதாகவே இருக்கும். முதியவர் காலமாகியிருப்பார். துவக்கு அறைக்குள் சீலை சுற்றிக் கிடக்கும். அனுமதிப்பத்திரம் ஆளுக்கு உரியது, அது காணி உறுதிபோல வாரிசுக்குத் தானாக இறங்காது என்பது வீட்டாருக்குத் தெரிந்திருக்காது. அந்தக் குடும்பம் குற்றவாளிக் குடும்பம் அல்ல. கேட்க வேண்டியவர் கேட்காததால், எழுத வேண்டியவர் எழுதாததால், நேர்மையான ஒரு துவக்கு கணக்கில் இல்லாத துவக்காக மாறுகிறது. அடுத்து யார் கேட்டு வாங்குகிறாரோ, யார் திருடிக்கொண்டு போகிறாரோ, அவர் கைக்கு அது பெயர் இல்லாமலே போய்ச் சேரும்.

வரலாறும் துவக்குகளைக் கணக்கில் இருந்து நழுவ வைத்தது. 1971 ஏப்ரல் கிளர்ச்சியில் கிளர்ச்சிக்காரர் தென்னிலங்கைக் கிராமங்களில் வேட்டைத் துவக்குகளைத் தேடி எடுத்தார்கள். வடக்கு கிழக்கில் போர் தொடங்கிய பின் அனுமதிப்பத்திரத் துவக்கு வைத்திருப்பதே எல்லாப் பக்கத்தாலும் ஆபத்தை வரவழைக்கும் காரியமாயிற்று. இடம்பெயர்வும் 2004 சுனாமியும் வீடுகளில் இருந்த கடதாசிகளைக் கொண்டுபோய்விட்டன. இந்த மாவட்டத்தில் பதிவு என்றதும் மக்கள் அஞ்சுவதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. பெயர்ப் பட்டியல் தவறான கைக்குப் போனால் என்ன நடக்கும் என்பதை இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ஆகவே இடாப்பு இருந்தால் மட்டும் போதாது. யார் அதைத் திறக்கலாம், யார் திறந்தார் என்பதும் பதிவாகவேண்டும். பூட்டுப் போட்ட அலுமாரியும், திறப்பு யாரிடம் என்ற குறிப்பும் இடாப்பின் பகுதிகள்தான்.

சரி, நல்ல இடாப்பு எப்படி இருக்கும்? துவக்கு வியாபாரத்தில் அதற்கு இரண்டு பக்கம். வரவுப் பக்கத்தில் பெற்ற திகதி, யாரிடம் இருந்து, செய்த கம்பனி, வகை, குழல் அளவு, வரிசை இலக்கம். செலவுப் பக்கத்தில் கொடுத்த திகதி, வாங்கியவர், அவருடைய அனுமதிப்பத்திர இலக்கம், அதை வழங்கிய அதிகாரி. ஒரு வரியில் வரவு இருந்து செலவு வெறுமையாக இருந்தால், அந்தத் துவக்கு இப்போதே கடையில் இருக்கவேண்டும். போய்ப் பார்த்தால் இரும்பு அங்கே இருக்கவேண்டும். இருந்தால் கணக்குச் சரி; இல்லாவிட்டால் அன்றே பொலிசுக்குப் போகவேண்டும். ரவைகளுக்குத் தனித்தனி இலக்கம் இல்லை, ஆகவே அவற்றுக்கு வகைவாரியாக மிச்சக் கணக்கு. பக்கங்களுக்கு முன்கூட்டியே இலக்கம் அச்சிட்டிருக்கவேண்டும், இல்லாவிட்டால் ஒரு தாளைக் கிழித்தது தெரியாது. பிழை எழுதினால் அழிக்கக்கூடாது; ஒற்றைக் கோடு இழுத்து, சரியானதை மேலே எழுதி, கையொப்பம் வைக்கவேண்டும். பிழையும் வாசிக்கக் கிடைக்கவேண்டும், ஏனென்றால் மோசடி பெரும்பாலும் திருத்தம் என்ற பெயரில்தான் உள்ளே வருகிறது. வரிசை இலக்கத்தை விலைப்பட்டியலில் இருந்து பார்த்து எழுதுவது இன்னொரு ஆபத்து. துவக்கைக் கையில் எடுத்து, இரும்பில் வெட்டியிருப்பதைப் பார்த்து எழுதவேண்டும். எட்டை மூன்றாக எழுதிவிட்டால் அந்தத் துவக்கைப் பிறகு யாராலும் தேடிப்பிடிக்க முடியாது.

இப்படி எழுதி வைத்த ஒரு வரியின் வலிமையை உலகம் கண்டது 1963 நவம்பரில். 22ஆம் திகதி டலஸ் நகரில் ஜனாதிபதி கெனடி சுடப்பட்டார். கட்டடமொன்றின் ஆறாம் மாடியில் கிடந்த இத்தாலிய ரைபிளில் சி2766 என்ற இலக்கம் இருந்தது. அதை இறக்குமதி செய்த நியூயோர்க் நிறுவனத்தின் பதிவு, சிகாகோவில் உள்ள கிளைன்ஸ் என்ற விளையாட்டுப் பொருள் கடையைக் காட்டியது. கடை ஊழியர்களும் எஃப்.பி.ஐ. அதிகாரிகளும் இரவிரவாக மைக்ரோபிலிம் சுருள்களைத் தேடினார்கள். மறுநாள் விடியுமுன் ஒரு தபால் கட்டளைப் படிவம் அகப்பட்டது: ஏ. ஹைடல் என்ற பெயர், டலஸ் தபால் பெட்டி 2915, கட்டிய தொகை 21 டொலர் 45 சதம். பெயர் பொய், கையெழுத்தும் தபால் பெட்டியும் கொலைச் சந்தேகநபர் ஒஸ்வால்டினுடையவை. எட்டு மாதத்துக்கு முன் ஒரு கடைக்காரர் வழக்கமான தன் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தார், அவ்வளவுதான். அன்றைய சட்டத்தில் வாங்குபவரின் அடையாளத்தைப் பார்க்கவேண்டிய கட்டாயம் இல்லை, அதனால் பொய்ப் பெயரில் வாங்க முடிந்தது. 1968இல் அமெரிக்கா துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவந்து தபாலில் விற்பதை நிறுத்தியது. அந்நாட்டு வியாபாரிகள் விற்பனைப் படிவங்களை முன்பு 20 ஆண்டு வைத்திருந்தால் போதும். 2022 முதல் கடை நடக்கும் காலம் முழுவதும் வைத்திருக்கவேண்டும்.

எத்தனை ஆண்டு வைத்திருப்பது என்பது சின்னக் கேள்வி அல்ல. துவக்கு நன்றாகப் பேணினால் நூறு ஆண்டு சுடும். கடதாசி பத்து ஆண்டில் செல்லரித்துப் போகும். ஐ.நா. பொதுச்சபை 2005 டிசம்பரில் ஏற்றுக்கொண்ட சிற்றாயுதத் தடமறி ஆவணம், உற்பத்திப் பதிவுகளை 30 ஆண்டும் இறக்குமதி, ஏற்றுமதி உட்பட மற்றப் பதிவுகளை 20 ஆண்டும் வைத்திருக்கச் சொல்கிறது. துவக்கின் ஆயுளோடு ஒப்பிட்டால் அதுவும் குறைவு.

துவக்கைவிட இந்த மாவட்டத்துக்கு அன்றாடக் காயம் தருவது வெடிமருந்து. வெடி வைத்து மீன் பிடிப்பதை 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் சட்டம் தடைசெய்கிறது. ஆனாலும் திருகோணமலைக் கடலில் அது நின்றபாடில்லை. கடற்படையின் கைது அறிவித்தல்களில் வோட்டர் ஜெல், டெட்டனேட்டர், திரி என்ற மூன்று சொல்லும் திரும்பத் திரும்ப வருகின்றன. வெடி அதிர்வில் மீனின் காற்றுப்பை கிழிகிறது. மிதப்பதைப் படகுக்காரர் அள்ளுகிறார், மிச்சம் அடியில் போய் அழுகுகிறது. குஞ்சும் முட்டையும் ஒன்றாகச் சாகின்றன, முருகைக்கல் நொறுங்குகிறது. நிலாவெளிக்கு எதிரே இருக்கும் புறாத்தீவு 2003இல் தேசியப் பூங்காவானது அந்த முருகைக்கல்லுக்காகத்தான். கையில் வெடித்துக் கையிழந்த மீனவரும் இந்தக் கரையில் உண்டு. ஒருவர் வெடி போட்டால், வலை போடும் பத்துக் குடும்பம் பட்டினி கிடக்கிறது. இதைச் சொல்லக் கோபம் வருகிறது, வரவும் வேண்டும்.

வோட்டர் ஜெல்லை யாரும் அடுப்படியில் காய்ச்சுவதில்லை. டெட்டனேட்டரை ஊர்த் தட்டார் செய்வதில்லை. அவை தொழிற்சாலைப் பொருட்கள், சட்டப்படி வாங்க அனுமதி உள்ளவர் கல்குவாரி நடத்துபவரும் அவரைப் போன்ற சிலரும்தான். ஆக, படகில் அகப்படும் ஒவ்வொரு குச்சிக்கும் பின்னால், எங்கோ ஒரு களஞ்சிய இடாப்பில் ஒரு பொய் வரி இருக்கிறது அல்லது ஒரு களவு மறைக்கப்பட்டிருக்கிறது.

அந்தப் பொய் எப்படி எழுதப்படுகிறது என்பது தொழில் தெரிந்தவர்களுக்குத் தெரியும். காலையில் களஞ்சியத்தில் இருந்து ஐம்பது குச்சி எடுக்கிறார்கள். பாறையில் நாற்பதுதான் வைக்கிறார்கள். மாலையில் ‘பாவித்தது ஐம்பது’ என்று எழுதுகிறார்கள். வெடித்துப்போன பொருளுக்குச் சாட்சி இல்லை, பாறை பேசாது. களஞ்சியத்தை எண்ணிப் பார்த்தால் கணக்கு அழகாகச் சரிவரும். துவக்கு இடாப்புக்கும் வெடிமருந்து இடாப்புக்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுதான்: துவக்கைத் திரும்பப் பார்க்கலாம், வெடியைப் பார்க்க முடியாது. ஆகவே வெடிமருந்து இடாப்பை வேறு ஒரு கணக்கோடு உரசிப் பார்த்தே ஆகவேண்டும். துளையிட்ட எண்ணிக்கை எத்தனை, ஒவ்வொரு துளையின் ஆழம் எவ்வளவு, அன்று உடைந்த கல் எத்தனை கியூப், எத்தனை லொறி வெளியே போனது. கல்லின் கணக்கு குறைவாகவும் வெடியின் கணக்கு கூடுதலாகவும் இருக்கும் குவாரியில் என்ன நடக்கிறது என்று கண்டுபிடிக்கப் பெரிய துப்பறிவாளர் தேவையில்லை. எடுத்தவர் ஒருவர், வெடி வைத்தவர் ஒருவர், எழுதுபவர் ஒருவர் என்று மூன்று பேர் கையொப்பமிடவேண்டும். மூன்றும் ஒரே ஆளாக இருக்கக்கூடாது. மிஞ்சியது இருட்டுமுன் களஞ்சியத்துக்குத் திரும்பவேண்டும், திரும்பிய எண்ணிக்கை அதே நாளின் வரியில் ஏறவேண்டும். 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்கு மறுநாள் கொழும்பு புறக்கோட்டைத் தனியார் பஸ் நிலையத்தில் 87 டெட்டனேட்டர்கள் கண்டெடுக்கப்பட்டன. கணக்கில் இருந்து தப்பும் டெட்டனேட்டர் கடலுக்கு மட்டுந்தான் போகும் என்று யாரும் உத்தரவாதம் தரமுடியாது.

கரையை விட்டுக் கடலுக்கு வந்தால் கணக்கு இன்னும் சிக்கலாகிறது. சோமாலியக் கடற்கொள்ளையர் காலத்தில் வணிகக் கப்பல்கள் ஆயுதம் தாங்கிய தனியார் காவலரை ஏற்றின. அபாய வலயத்தின் கிழக்கு எல்லை 78 பாகை தீர்க்கரேகை வரை நீட்டப்பட்டது. அது கன்னியாகுமரிக்குச் சற்றே கிழக்கு. இலங்கையை நெருங்கும் கப்பலுக்குக் காவலரும் துப்பாக்கியும் அதன் பின் தேவைப்படவில்லை. அவர்களை எங்கே இறக்குவது? காலியில். அங்கே ஆயுதங்களைச் சேமித்து வைக்க மிதக்கும் ஆயுதக் களஞ்சியம் ஒன்று உருவானது. அவன்ட் கார்ட் என்ற தனியார் கம்பனி, பாதுகாப்பு அமைச்சின் கீழ் இருந்த அரச கம்பனியான ரக்னா ஆரக்‌ஷக லங்காவோடு சேர்ந்து அதை நடத்தியது. 2015 ஜனவரியில், ஆட்சி மாறிய சில நாட்களில், காலித் துறைமுகத்தில் நின்ற மஹநுவர கப்பலுக்குள் பொலிசார் ஏறினார்கள். ஆயிரக்கணக்கான துப்பாக்கிகள். எது அரசின் ஆயுதம், எது தனியாருடையது, எந்த அனுமதியின் கீழ் எது அங்கே இருக்கிறது என்ற கேள்வி நாட்டையே பிடித்துக்கொண்டது. அந்த விவகாரத்தில் கருத்துச் சொல்லப்போய் 2015 நவம்பரில் சட்டம் ஒழுங்கு அமைச்சர் திலக் மாரப்பன பதவி விலகினார். அதே மாதம் அந்தத் தொழிலைக் கடற்படை பொறுப்பேற்றது. வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுபட்டன. யார் சரி, யார் பிழை என்பதை நீதிமன்றத்துக்கு விட்டுவிடலாம். இந்தப் பேச்சுக்கு வேண்டியது வேறு: ஒரு கப்பலில் உள்ள ஆயுதம் யாருடையது என்ற கேள்விக்கு, ஏறிய அன்றே மறுக்க முடியாத ஒரு புத்தகம் பதில் சொல்லியிருந்தால், அந்த நாடகத்தின் பாதி நடந்திருக்காது.

பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம் இதே பிரச்சினை மனிதர்களின் நாலு ஆண்டைத் தின்றது. 2013 ஒக்டோபர் 12 அன்று இந்தியக் கரையோரக் காவற்படை சீமன் கார்ட் ஓகையோ என்ற கப்பலைத் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்தது. அமெரிக்கக் கம்பனிக்குச் சொந்தம், கொடி சியேரா லியோனுடையது. கப்பலில் 35 பேர்: இந்தியர், எஸ்தோனியர், பிரித்தானியர், உக்ரேனியர். 35 தாக்குதல் ரைபிள், 5,680 ரவைகள். கொள்ளையரிடம் இருந்து கப்பல்களைக் காக்கவே இவை என்றது கம்பனி. இந்தியக் கடலில் இந்திய அனுமதி எங்கே என்றது தமிழ்நாடு பொலிசின் கியூ பிரிவு. 2016 ஜனவரியில் தூத்துக்குடி நீதிமன்றம் எல்லாருக்கும் ஐந்தாண்டுச் சிறை விதித்தது. பலர் புழல் சிறையில் கிடந்தார்கள். 2017 நவம்பர் 27 அன்று சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அனைவரையும் விடுவித்தது. ஒரு நாட்டில் செல்லும் ஆயுதக் கடதாசி அடுத்த நாட்டின் எல்லைக்குள் செல்லாக் கடதாசி. துறைமுகத்துக்குள் வரும் கப்பலின் ஆயுதப் பட்டியல், கப்பல் வருமுன் கரைக்கு வந்திருக்கவேண்டும் என்பதைத் திருகோணமலை போன்ற ஒரு துறைமுகம் மறக்கக்கூடாது.

அனுமதிப்பத்திரமே பொய்யாக இருந்தால் இடாப்பு என்ன செய்யும்? 2017இல் ராஜஸ்தான் பொலிசார் ஓர் இழையைப் பிடித்து இழுக்க, ஜம்மு காஷ்மீரில் 2012 முதல் 2016 வரை 2.78 லட்சம் துப்பாக்கி அனுமதிகள் வழங்கப்பட்டிருந்தது சி.பி.ஐ. விசாரணைக்கு வந்தது. துப்பாக்கி வியாபாரிகளும் அனுமதி வழங்கும் அலுவலகங்களும் கைகோத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. இப்படி நடந்தால் கடைக்காரரின் புத்தகம் வரிக்கு வரி சரியாகவே இருக்கும், பொய் அதற்கு மேலே உள்ள அலுவலகத்தில் இருக்கும். அதனால்தான் கடையின் இடாப்பைக் கச்சேரியின் இடாப்போடு ஒப்பிடும் வேலையை, இரண்டுக்கும் சேராத மூன்றாம் ஆள் செய்யவேண்டும்.

எழுதி வைத்தும் வாசிக்காவிட்டால் வரும் விளைவை 2020 ஓகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகம் காட்டியது. 2,750 தொன் அமோனியம் நைத்திரேற்று, ரோசஸ் கப்பலில் இருந்து இறக்கி 12ஆம் கொட்டகையில் ஆறு ஆண்டு கிடந்தது. எவ்வளவு, எங்கே, எந்தக் கப்பலில் வந்தது என்பதெல்லாம் கடதாசியில் இருந்தன. சுங்க அதிகாரிகள் நீதிமன்றத்துக்குத் திரும்பத் திரும்பக் கடிதம் எழுதினார்கள். யாரும் முடிவெடுக்கவில்லை. 200க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். கடற்படைத் தளமும் எண்ணெய்க் குதங்களும் குடியிருப்புகளும் ஒரே குடாவைச் சுற்றி இருக்கும் ஊரில், இந்தச் செய்தியை வெளிநாட்டுச் செய்தியாக வாசிக்க முடியாது.

இலங்கை அரசு 2024இல் ஒரு நல்ல காரியம் செய்தது. தற்காப்புக்கென்று சிவிலியன்களுக்குக் கொடுத்த துப்பாக்கிகளை எல்லாம் மீள்பரிசீலனைக்காக நவம்பர் 7க்குள் ஒப்படைக்கச் சொன்னது. ஒப்படைக்கும் இடம் வெலிசறையில் உள்ள கடற்படையின் வணிக வெடிபொருள், சுடுகலன், ரவைக் கொள்வனவுப் பிரிவு. பட்டியல் இருந்ததால்தான் திருப்பிக் கேட்க முடிந்தது. ஆனால் இராணுவ முகாம் ஒன்றில் இருந்து பாதாளக் குழுக்களுக்குப் போன ரி-56 துப்பாக்கிகளைப் பற்றி 2025 பெப்ரவரியில் ஜனாதிபதியே பாராளுமன்றத்தில் பேச வேண்டிவந்தது. விவசாயியின் ஒரு குழல் துவக்கை ஆண்டுதோறும் கேட்கும் அரசு, தன் களஞ்சியத்தையும் அதே கண்டிப்போடு எண்ணவேண்டும். இதில் சமாதானம் சொல்ல இடமில்லை.

இந்த மாவட்டத்துக்கு உடனே செய்யக்கூடியவை சில உண்டு. குவாரிகளின் வெடிமருந்து இடாப்பை, லொறிப் பேர்மிட் கணக்கோடு மாதாமாதம் ஒப்பிடலாம். இரண்டும் ஏற்கெனவே அரச அலுவலகங்களுக்கு வருபவை, இரண்டையும் ஒரே மேசையில் வைக்க ஓர் உத்தரவு போதும். கடலில் பிடிபடும் வெடிபொருளின் உறையில் உள்ள தொகுதி இலக்கத்தைக் குறித்து, அது எந்தக் களஞ்சியத்துக்குப் போனது என்று பின்னோக்கித் தேடலாம். படகுக்காரரைத் தண்டித்துவிட்டுக் கோப்பை மூடுவது பாதி வேலை. துவக்கு அனுமதிப்பத்திரக்காரர் இறந்தால் கிராம அலுவலரின் மரண அறிக்கை அப்படியே கச்சேரியின் சுடுகலன் பிரிவுக்கும் போகலாம். இந்தக் கணக்குகளைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதவேண்டும். எழுதுபவருக்கு விளங்காத மொழியில் அச்சிட்ட படிவம் பிழையைத்தான் வளர்க்கும்.

கடைசியாக, இங்கே வந்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் தகப்பனுடைய, மாமனுடைய துவக்கு புதுப்பிக்காமல் கிடந்தால், ஒக்டோபர் வரை காத்திருக்கவேண்டாம். கிராம அலுவலரிடம் சொல்லி, பழைய அனுமதிப்பத்திரத்தையும் மரணச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு, துவக்கை என்ன செய்வது என்று எழுத்தில் கேட்டு, இந்த மாதமே கச்சேரியில் பதிவு செய்யுங்கள். கொடுத்த கடிதத்துக்குத் திகதி முத்திரை குத்திய பிரதி ஒன்றைக் கேட்டு வாங்கி வையுங்கள்.